9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப்: எந்த ஆப்-ஆம்ப் போடலாம்?

“ஹெட்போன் ஆம்ப் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். ஓபிஏ2134 போடவா, எல்எம்4562 போடவா?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். ஹெட்போன் எது? பேட்டரி எது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் சிப் தேர்வில் முக்கால்வாசி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், “இது வெதுவெதுப்பா பாடும், அது கண்ணாடி மாதிரி பாடும்” என்று ஜோசியம்தான் சொல்ல முடியும். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கம்மி. டேட்டாஷீட்டில் கொஞ்சம் அதிகம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் சர்க்யூட் சீமாய். 1990களின் கடைசியில் சூ மாய் என்பவர் இணையத்தில் வெளியிட்ட பாக்கெட் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் இது. ஆல்ட்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் ஆளாளுக்குக் கட்டிக் கட்டி, இன்றைக்கு அந்தத் தகர டப்பாதான் அதன் அடையாளம். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வால்யூம் கண்ட்ரோல், அதிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஆப்-ஆம்ப்பின் ப்ளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம், கெயினுக்கு 1 கிலோஓமும் 10 கிலோஓமும். அதாவது 11 மடங்கு. ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. அதை இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக வகுத்து, நடுப்புள்ளியை “கிரவுண்டு” என்று வைத்துக்கொள்வது. ஆளுக்கு ஒன்றாக இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். அவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஹெட்போனை நேரடியாகத் தள்ளுவதே அந்த எட்டுக்கால் சிப்தான். நடுவில் டிரான்சிஸ்டர் கிடையாது, பஃபர் கிடையாது. பெரும்பாலான ஆப்-ஆம்ப்கள் 2 கிலோஓம், மிஞ்சிப்போனால் 600 ஓம் சுமையை இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. 32 ஓம் ஹெட்போனைக் காட்டினால், சைக்கிள் ரிக்‌ஷாவில் நெல் மூட்டை ஏற்றிய கதைதான். போகும், ஆனால் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கணும். இசையின் உச்சங்கள் 110 டெசிபெல் வரை போக இடம் இருந்தால், சராசரி 90 பக்கம் வரும். அதுவே காதுக்கு அதிகம். தினமும் மணிக்கணக்கில் அப்படிக் கேட்காதீர்கள்.

முதல் ஹெட்போன்: 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ரகம். 110க்குப் போக 10 மில்லிவாட் வேண்டும். 0.57 வோல்ட் ஆர்எம்எஸ். உச்சத்தில் 0.8 வோல்ட், 25 மில்லிஆம்பியர். கொஞ்சம் தாராளமாக 115 டெசிபெல் என்று வைத்தால் உச்சம் 1.4 வோல்ட், 44 மில்லிஆம்பியர். வோல்ட்டேஜ் துளியூண்டு, மின்னோட்டம்தான் ஜாஸ்தி.

இரண்டாவது: சென்ஹைசர் எச்டி650. 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல். 110க்கு 2.24 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 3.2 வோல்ட். மின்னோட்டம் வெறும் 10.6 மில்லிஆம்பியர். கதை அப்படியே தலைகீழ். மின்னோட்டம் பிரச்சினையே இல்லை, வோல்ட்டேஜ்தான் பிரச்சினை.

மூன்றாவது, விளையாட்டுக்காக: ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். 110க்குப் போக கிட்டத்தட்ட 450 மில்லிவாட் கேட்கிறது. உச்சம் 6.7 வோல்ட், 134 மில்லிஆம்பியர். இதை மிட்டாய் டப்பாவுக்குள் அடைக்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது, வேறு ஹெட்போன் வாங்குங்க என்பதுதான்.

இப்போது இந்த எண்களைப் பேட்டரியோடு மோதவிடலாம். புது 9 வோல்ட் பேட்டரியை நடுவில் வகுத்தால் மேலே 4.5, கீழே 4.5. அவ்வளவும் ஹெட்போனுக்குப் போகாது. ரெயில்-டு-ரெயில் அல்லாத சாதாரண ஆப்-ஆம்ப்கள் இரண்டு பக்கமும் ஒன்றரை வோல்ட்டுக்கு அக்கம்பக்கம் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும். சுமை கூடக் கூட அதுவும் கூடும். ஆக, கைக்கு வருவது உச்சத்தில் 3 வோல்ட். எச்டி650க்கு 109.5 டெசிபெல். கிட்டத்தட்டப் போதும் போலத்தான் தெரியும். ஆனால் அது புது பேட்டரிக்கு. 9 வோல்ட் பேட்டரி தன் ஆயுளில் முக்கால்வாசி 9 வோல்ட்டில் இருப்பதில்லை. 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது உச்சம் 2 வோல்ட்டாகி, 106 டெசிபெல்லோடு நின்றுவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை வாங்கினால் இன்னும் மோசம். அதில் பெரும்பாலும் ஏழு செல்கள், 8.4 வோல்ட்டில்தான் ஆரம்பமே. எச்டி650 வைத்திருப்பவர் எந்தச் சிப்பைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் இரண்டாவது பேட்டரியைச் சேர்த்தால், உச்சம் ஏழரை வோல்ட்டுக்குப் போய்விடும். சிப்பை மாற்றி இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவே முடியாது.

பேட்டரியில் இன்னொரு விஷயம். எங்கும் மலிவாகக் கிடைக்கும் இரண்டு சிப்கள் என்இ5532ம் டிஎல்072ம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது இவற்றைத்தான். இரண்டும் நல்ல சிப்கள். மிக்ஸர், ப்ரீ-ஆம்ப் என்று உலகம் முழுக்க உழைத்தவை. ஆனால் 5532ன் டேட்டாஷீட் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச சப்ளை ±5 வோல்ட், அதாவது மொத்தம் 10. பழைய டிஎல்072ம் அப்படியே. ஒற்றை 9 வோல்ட் பேட்டரியில் இவற்றைப் போட்டால், பேட்டரி புதுசாக இருக்கும்போதே எல்லைக்கு வெளியில்தான் ஓட்டுகிறீர்கள். ஓடாதா என்றால் ஓடும், நிறைய பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் தயாரிப்பாளர் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பது மனதில் இருக்கட்டும். பழைய டிஎல்072க்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: இன்புட் கீழ் ரெயிலுக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் அவுட்புட் சட்டென்று எதிர்ப்பக்கம் தாவும். பேட்டரி தேயத் தேய அந்த இடத்துக்கு நாம்தான் அதை நெருக்கிக்கொண்டு போகிறோம்.

ஓபிஏ2134க்குப் பேர் வந்த காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ±2.5 வோல்ட்டில் தொடங்கி ±18 வரை ஓடும். ஒரு சானலுக்கு 4 மில்லிஆம்பியர்தான் குடிக்கும். ஃபெட் இன்புட், அதன் பலனைக் கீழே சொல்கிறேன். பர்-பிரவுன் என்ற பெயரின் மகிமை, ஒலியின் “இனிமை” எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை. அதன் பலவீனம் மின்னோட்டம். ஷார்ட் சர்க்யூட் செய்தாலே 40 மில்லிஆம்பியருக்கு அக்கம்பக்கம்தான் கொடுக்கும். நம் 32 ஓம் ஹெட்போன் 110 டெசிபெல்லில் கேட்பது 25. எல்லைக்குப் பாதி தாண்டியதுமே டிஸ்டார்ஷன் ஏற ஆரம்பிக்கும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 0.00008 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருப்பது 32 ஓம் சுமைக்கான எண் இல்லை.

மின்னோட்டம்தான் குறை என்றால் ஜேஆர்சி கம்பெனியின் என்ஜேஎம்4556ஏ. விலை மலிவு, பேர் கிடையாது, யாரும் கவிதை பாடுவதில்லை. ஆனால் ஒரு சானலுக்கு 70 மில்லிஆம்பியர் தரும், ±2 வோல்ட்டிலிருந்தே ஓடும். 2011ல் என்டபிள்யூஏவிகய் என்ற புனைபெயரில் எழுதியவர் வடிவமைத்த ஓ2 ஆம்ப்பின் அவுட்புட்டில் இருப்பது இதுதான். முன்னால் கெயினுக்கு என்ஜேஎம்2068, பின்னால் ஒரு காதுக்கு ஒரு 4556ஏ. அதன் இரண்டு பாதிகளையும் ஆளுக்கு 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையாகக் கட்டி, 140 மில்லிஆம்பியர். விலையுயர்ந்த பெட்டிகளோடு அளவீட்டில் நேருக்கு நேர் நின்ற வடிவமைப்பு அது. அதன் அவுட்புட் சிப் இதுதான் என்று பார்த்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு.

4556ஏ-வைக் குறை சொல்பவர்கள் காட்டும் எண் ஸ்லூ ரேட். மைக்ரோசெகண்டுக்கு 3 வோல்ட். ஓபிஏ2134க்கு 20. “ஏழு மடங்கு மெதுவான சிப்!” என்பார்கள். சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, உச்சம் 5.6 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதாவது எச்டி650ல் 115 டெசிபெல், இரண்டு பை பெருக்கல் 20,000 பெருக்கல் 5.6. மைக்ரோசெகண்டுக்கு 0.7 வோல்ட். எந்த இசையிலும் 20 கிலோஹெர்ட்ஸில் முழு உச்சம் வருவதில்லை. வந்தாலும் 3 என்பது நாலு மடங்குக்கு மேல். மிச்சம் 17 வோல்ட்டை வைத்து என்ன செய்வதாம்?

இன்னும் பலம் வேண்டும் என்றால் அனலாக் டிவைசஸின் ஏடி8397. 300 மில்லிஆம்பியருக்கு மேல், அவுட்புட் ரெயில்-டு-ரெயில். அதாவது மேலே சொன்ன ஒன்றரை வோல்ட் வரியை இது வசூலிப்பதில்லை. ஒற்றை பேட்டரிக்காரர்களுக்குக் காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் மேல்பரப்பில் ஒட்டும் வடிவத்தில்தான் வரும், அடாப்டர் போர்டு வேண்டும். இரண்டாவது, 69 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய சிப் அது. வேரோ போர்டில் நீள நீள ஒயர் இழுத்துக் கட்டும் நம் பாணிக்கு அது அடங்காது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து.

இரைச்சலுக்கு வருவோம். காதுக்குள் செருகும் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை. 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் என்றால் 110க்குப் போக 0.13 வோல்ட் போதும். ஆம்ப்பே தேவையில்லை என்று சொல்லலாம். ஆனாலும் கட்டுவோம், கட்டாமல் விடமாட்டோம்! கட்டியதும் பாட்டு இல்லாத நேரத்தில் “ஸ்ஸ்ஸ்” என்று கேட்கும். உடனே “நானோவோல்ட் கம்மியான சிப் எது” என்று தேட ஆரம்பிப்போம்.

ரூட் ஹெர்ட்ஸுக்கு டிஎல்072ன் இரைச்சல் 18 நானோவோல்ட். ஓபிஏ2134 8, என்இ5532 5, எல்எம்4562 2.7. இப்படி அடுக்கிப் பார்த்தால் எல்எம்4562 ஓபிஏ2134-ஐ விட மூன்று மடங்கு அமைதி. ஆனால் இரைச்சல் போடுவது சிப் மட்டும் இல்லை. 10 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல் நடுவில் நிற்கும்போது அதுவே 6.4 நானோவோல்ட் போடும். கெயின் ரெசிஸ்டர்கள் 3.9. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், ஓபிஏ2134 போட்ட ஆம்ப் மொத்தம் 11 நானோவோல்ட். 5532 போட்டால் 9 சொச்சம். எல்எம்4562 போட்டாலும் 9தான், ஏனென்றால் பைபோலார் இன்புட்டின் மின்னோட்ட இரைச்சல் அந்த வால்யூம் கண்ட்ரோலில் விழுந்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். மூன்று மடங்கு என்று ஆரம்பித்தது இரண்டு டெசிபெல்கூட தேறவில்லை. டிஎல்072ல் மட்டும் 19 சொச்சம் வரும். அது உண்மையிலேயே காதுக்குத் தெரியும்.

இதே இரைச்சலைக் கெயின் வழியாகப் பாருங்கள். 11 நானோவோல்ட்டை 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால் 1.55 மைக்ரோவோல்ட். அதை 11ஆல் பெருக்கினால் அவுட்புட்டில் 17 மைக்ரோவோல்ட். நம் இயர்போனில் அது 32 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். கெயினை 11லிருந்து 3க்குக் குறைத்தால்? 11 டெசிபெல் அப்படியே இறங்கி 21க்கு வந்துவிடும். டிஎல்072லிருந்து ஓபிஏ2134க்கு மாறினால் கிடைப்பது 5 டெசிபெல். கெயின் ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினால் 11. இரண்டு ரூபாய் வேலை.

11 மடங்கு கெயின் தேவையா என்ற கேள்வியே அதிகம் எழுவதில்லை. போன், லேப்டாப் எல்லாம் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தருகின்றன. 32 ஓம் ஹெட்போனுக்கு மொத்தத் தேவையே 1 வோல்ட். அங்கே கெயின் 2 தாராளம். எச்டி650க்கு 3 அல்லது 4. வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காது கிழிகிறது, அதற்குக் கீழே இடது வலது சமமாக இல்லை என்றால் காரணம் இந்த 11தான். ஆனால் ரொம்பவும் குறைக்கும்முன் டேட்டாஷீட்டில் “யூனிட்டி கெயின் ஸ்டேபிள்” என்று இருக்கிறதா பார்க்கணும். இங்கே பேசிய சிப்கள் எல்லாம் அப்படித்தான். ஓபிஏ2228 போல சில சிப்கள் 5க்குக் கீழே போனால் ஆட்டம் போடும்.

அடுத்தது டிசி. எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. சிப் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதைத்தான்.

சீமாயின் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இல்லை. ஆப்-ஆம்ப்பின் அவுட்புட்டில் டிசி இருந்தால் அது நேராக ஹெட்போனுக்குப் போகும். டிசி எங்கிருந்து வருகிறது? பைபோலார் இன்புட் வைத்த சிப்பின் கால் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 5532ல் வழக்கமாக 200 நானோஆம்பியர். ரொம்பக் கம்மிதான். ஆனால் அது ஓடுவது நாம் கிரவுண்டுக்குப் போட்ட 100 கிலோஓம் வழியாக. 20 மில்லிவோல்ட் ஆகிறது. கெயின் 11ஆல் பெருக்கினால் அவுட்புட்டில் 220 மில்லிவோல்ட். 32 ஓம் ஹெட்போனில் அது 7 மில்லிஆம்பியர் டிசி.

இத்தோடு முடியவில்லை. அந்த 7 மில்லிஆம்பியர் ஹெட்போனின் மறுமுனையில் நம் “கிரவுண்டு”க்குப் போய்ச் சேரணும். அந்தக் கிரவுண்டு என்பது என்ன? இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளி. அதனால் தாங்க முடிந்தது ஒரு மில்லிஆம்பியர், மிஞ்சினால் இரண்டு. இரண்டு சானலும் சேர்ந்து 14 கேட்டால் நடுப்புள்ளி நடுவில் நிற்காது. ஒரு ரெயிலை நோக்கிச் சரிந்து போய் ஒட்டிக்கொள்ளும். 4.5-க்கு 4.5 என்று இருந்தது 8-க்கு 1 மாதிரி ஆகிவிடும். அலையின் ஒரு பாதி அப்படியே வெட்டுப்படும். கேட்பவருக்குக் கரகரவென்று, உயிரே இல்லாமல் கேட்கும். “5532 ஹெட்போனுக்குச் சரிப்படாது, ஒலி முரடு” என்று குறிப்பெழுதி, ஓபிஏ2134-ஐ மாட்டுவார். இது ஃபெட் இன்புட், மின்னோட்டம் சில பிக்கோஆம்பியர்தான். கிரவுண்டு நடுவுக்குத் திரும்பும். “ஆகா, திரை விலகினாற்போல இருக்கிறது!” உண்மையிலேயே விலகித்தான் இருக்கும். அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் 5532ன் ஒலியில் இல்லை, 100 கிலோஓம் ரெசிஸ்டரில்.

ஓபிஏ2134ம் முழுக்கத் தப்பவில்லை. அதன் ஆஃப்செட் வழக்கமாக அரை மில்லிவோல்ட். 11ஆல் பெருக்கினால் 5.5. இரண்டு சானலும் ஒரே பக்கம் சாய்ந்தால், 32 ஓமில் சுமார் 0.35 மில்லிஆம்பியர். கிரவுண்டு முக்கால் வோல்ட்டுக்கு மேல் நகர்ந்துவிடும். 9 வோல்ட்டில் முக்கால் வோல்ட் சும்மா விடக்கூடியது இல்லை.

வழி என்ன? கெயினைக் குறைத்தால் டிசியும் குறையும், இது இலவசம். பைபோலார் சிப் போடுவதாக இருந்தால் 100 கிலோஓமை 10 கிலோஓம் ஆக்கி, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள். கீழ் எல்லை 16 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும், டிசி பத்தில் ஒன்றாகிவிடும். கெயின் 3, 10 கிலோஓம் என்று வைத்தால் 5532ன் 220 மில்லிவோல்ட் 6க்கு வந்துவிடும். 4556ஏ-க்கு வழக்கமான மின்னோட்டம் 50 நானோஆம்பியர்தான், ஒன்றரை மில்லிவோல்ட்டில் முடியும். என் வரையறை அவுட்புட்டில் 20 மில்லிவோல்ட். அதைத் தாண்டினால் ஹெட்போனை மாட்டுவதில்லை. முடிந்தால் 4.7 கிலோஓம் ஜோடியைத் தூக்கிவிட்டு டிஎல்இ2426 போடுங்கள். மூன்று கால், டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், 20 மில்லிஆம்பியர் வரை நடுப்புள்ளியை அசையாமல் பிடிக்கும்.

இரண்டு பேட்டரி போட்டால் நடுப்புள்ளி உண்மையான நடுப்புள்ளி, சரியவே சரியாது. ஆனால் அதில் வேறு ஆபத்து. ஒரு பேட்டரி தீர்ந்தாலோ, கிளிப் கழன்றாலோ, அவுட்புட் மிச்சமிருக்கும் ரெயிலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பல வோல்ட் டிசி ஹெட்போனில். 32 ஓம் காயில் அதை ரொம்ப நேரம் தாங்காது. ஓ2வில் ஒரு பேட்டரி விழுந்தால் இரண்டையும் துண்டிக்கத் தனி சர்க்யூட்டே வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் கட்டுவதில் அது இல்லையென்றால், இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் ஸ்விட்ச்சாவது போடுங்கள். பேட்டரிகளை ஜோடியாகவே மாற்றுங்கள். விலை கூடின ஹெட்போன் என்றால் அந்தத் துண்டிப்பு சர்க்யூட் இல்லாமல் இரண்டு பேட்டரி பக்கம் போகாதீர்கள்.

இப்போது வேகமான சிப்கள். எல்எம்4562 55 மெகாஹெர்ட்ஸ், ஏடி8397 அதைவிடவும் மேல். ஆடியோவுக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை என்பது ஒரு பக்கம். இந்த வேகம் சும்மா இருக்காது என்பது இன்னொரு பக்கம். ஹெட்போன் கேபிளின் கெப்பாசிடன்ஸ், ஐசி சாக்கெட், நீளமான ஒயர் எல்லாம் சேர்ந்தால் சிப் தனக்குத்தானே பல மெகாஹெர்ட்ஸில் ஆட ஆரம்பிக்கும். காதுக்கு நேராகக் கேட்காது. பாட்டு லேசாக மங்கலாக, அல்லது “அதிக விவரத்தோடு” கேட்கும். சிப் சுடும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் மல்டிமீட்டரை வைத்தே ஓரளவு பிடிக்கலாம். பேட்டரி ஒயரில் மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து, பாட்டு இல்லாமல், ஹெட்போனை மாட்டியும் கழற்றியும் பாருங்கள். சிப்பின் டேட்டாஷீட் சொல்லும் அளவு, எல்ஈடிக்கு ஒன்றிரண்டு, வகுக்கும் ரெசிஸ்டர்களுக்கு ஒன்று. இரண்டு சானலுக்கும் சேர்த்து ஓபிஏ2134க்கு 8, 4556ஏ-க்கு 9, எல்எம்4562க்கு 10, டிஎல்072க்கு 2.8. கூட்டினால் 12 வரவேண்டிய இடத்தில் 30 காட்டினால் சிப் ஆடுகிறது. ஹெட்போனை மாட்டியதும் எகிறினால் கேபிள்தான் காரணம். சிப்பின் சப்ளை கால்களுக்கு ஒட்டினாற்போல 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் போடுங்கள், அவுட்புட்டில் ஒன்றிரண்டு ஓம் தொடராகப் போடுங்கள். 47 ஓம், 100 ஓம் என்று போட்டு அடக்குவதும் ஒரு பழக்கம். 300 ஓம் ஹெட்போனுக்கு அது பரவாயில்லை. 16 ஓம் இயர்போனுக்கு அப்படிப் போட்டால், பல டிரைவர் வைத்த இயர்போனின் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுவதால், ஒலியின் சமநிலையே கெட்டுவிடும். அப்புறம் எந்தச் சிப் போட்டும் பிரயோஜனமில்லை.

மேலே சொன்ன மில்லிஆம்பியர்களையே பேட்டரி ஆயுளாகவும் படிக்கலாம். ஆல்கலைன் 9 வோல்ட் சுமார் 500 மில்லிஆம்பியர்-மணி. 12 மில்லிஆம்பியர் இழுத்தால் நாற்பது மணி நேரம். ரீசார்ஜ் வகை 200 என்றால் பதினாறு.

ஆக என் கைப்பழக்கம் இப்படி. 32 ஓமுக்கு அக்கம்பக்கம் என்றால் 4556ஏ, கெயின் 2, இன்புட்டில் 10 கிலோஓம், டிஎல்இ2426. 300 ஓம் என்றால் இரண்டு பேட்டரி, கெயின் 4, ஓபிஏ2134. இரண்டு பேட்டரி போட்டபிறகு 5532ம் தன் எல்லைக்குள் வந்துவிடும், கையில் அதுதான் இருக்கிறது என்றால் இன்புட் ரெசிஸ்டரை மாற்றிவிட்டு அதையே போடலாம். இயர்போன் மட்டும்தான் என்றால் கெயின் 1 அல்லது 2, ஓபிஏ2134 போதும். எல்எம்4562-ஐ இந்த டப்பாவுக்குள் நான் போடுவதில்லை. நல்ல சிப், ஆனால் அதன் நல்லதெல்லாம் இங்கே வெளியே வராது.

கடைசியாகப் போலிகள். பெயர் பெற்ற சிப் என்றால் போலியும் உண்டு. ஓபிஏ627 என்று விற்ற ஒரு சிப்பைப் பிளந்து உள்ளே படமெடுத்துப் பார்த்தால் ஏடி744 இருந்த கதை பலருக்குத் தெரிந்ததே. அதாவது மேலே எழுதியிருப்பதை நம்பக்கூடாது. ஆன்லைனில் ரொம்ப மலிவாக ஓபிஏ2134 பத்து வாங்கினால், ஹெட்போனை மாட்டுவதற்கு முன் பிரெட் போர்டில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள்.

8ஆம் காலுக்கு பேட்டரி ப்ளஸ், 4ஆம் காலுக்கு மைனஸ், இரண்டு ரெசிஸ்டர்களால் ஒரு நடுப்புள்ளி. 1ஐயும் 2ஐயும் சேர்த்து விடுங்கள், 6ஐயும் 7ஐயும் சேர்த்து விடுங்கள். 5ஆம் கால் நடுப்புள்ளிக்கு. 3ஆம் கால் 1 மெகாஓம் வழியாக நடுப்புள்ளிக்கு. முதலில் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம்: வகுக்கும் ரெசிஸ்டர்களின் பங்கைக் கழித்தால் 8 மில்லிஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கணும். மூன்றுக்கும் கீழே என்றால் உள்ளே டிஎல்072 மாதிரி ஏதோ இருக்கலாம். அடுத்து 1ஆம் காலுக்கும் நடுப்புள்ளிக்கும் நடுவே மில்லிவோல்ட். உண்மையான ஓபிஏ2134 என்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு காட்டும். பிக்கோஆம்பியர் மின்னோட்டம் 1 மெகாஓமில் ஒன்றும் செய்யாது. அங்கே பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ மில்லிவோல்ட் நின்றால், உள்ளே இருப்பது பைபோலார் சிப். அந்தப் பத்தையும் கெயின் குறைத்து, 10 கிலோஓம் போட்டு வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க மீட்டர் காட்டிய எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.